30 நாள் ஆங்கிலப் பயிற்சிக்குச் செல்வதா, தகுதித் தேர்வுக்குப் படிப்பதா?

ஈராசிரியர்பள்ளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். பள்ளியில் தலைமையாசிரியரும் நானும் மட்டுமே. ஐந்து வகுப்புகளிலும் சேர்த்து 41 பிள்ளைகள். பெங்களூரில் உள்ள தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் நடத்தும் 30 நாள் பயிற்சிக்கு விருப்பமுள்ளவர்களின் பெயர்களை எங்கள் வட்டாரக் கல்வி அலுவலகம் கேட்டிருக்கிறது. பெயர் கொடுக்க மிகுந்த ஆவல் இருக்கிறது. ஆனால் தயக்கமும் அதே அளவு இருக்கிறது.

நான் 2008இல் வேலைவாய்ப்பகப் பதிவு மூப்பின்படி பணியேற்றவள். ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதியதில்லை. ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற்றால்தான் பணியில் தொடர முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1இல் தீர்ப்பளித்த பிறகு, கையில் கிடைக்கும் ஒவ்வொரு மாதத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இணையவழிப் பயிற்சிகளையும் விட்டுவைக்கவில்லை. திக்‌ஷா இணையதளத்தில் நிஷ்தா என்ற ஆசிரியர் பயிற்சியின் பாடத்தொகுதிகளை முடித்துப் பெற்ற சான்றிதழ்கள் கோப்பில் இருக்கின்றன. எனினும் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டைக்கான ஆங்கிலச் சொல்லையும் (bat) தட்டிக்கொடுப்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் (pat) ஒரே மாதிரிதான் படிக்கிறார்கள். அந்த 30 நாள் இதற்கு உதவுமா, அல்லது வீட்டிலேயே இருந்து தேர்வுக்குப் படிப்பதுதான் அறிவுடைமையா? சென்று வந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பம்பரம் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பயிற்சிக்குச் சென்று வந்தவன். 1963இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் பெங்களூருப் பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகத்தில் இருக்கிறது. தென் மாநிலங்களின் ஆசிரியர்கள் ஒரே விடுதியில் தங்கிப் படிப்பதால், மாலையில் தேநீர் குடிக்கும்போதுகூட ஆங்கிலத்தில் பேசாமல் தப்பிக்க வழியில்லை. எனக்கு மிகவும் பயன்பட்டது அதுதான் என்றால் சிலர் சிரிக்கக்கூடும்.

நீங்கள் குறிப்பிட்ட சிக்கலுக்கே வருகிறேன். ஒலியியல் வகுப்பில் ஒரு துண்டுத் தாளை உதட்டுக்கு முன் பிடித்துக்கொண்டு, ஊசியைக் குறிக்கும் ‘பின்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சொல்லச் செய்தார்கள். ஒலிப்பதிவில் கேட்ட ஆங்கிலேயரைப் போல மூச்சுக் காற்றோடு சொன்னால் தாள் படபடக்க வேண்டும். எங்களில் ஒருவர் தாளும் அசையவில்லை. நம் ப் ஒலியில் அந்த மூச்சு இல்லை என்பது 19 ஆண்டு ஆங்கிலம் நடத்திய பிறகு எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஊர் திரும்பியதும் இதையே தலைகீழாகப் பயன்படுத்தினேன். கரும்பலகையில் ‘பம்பரம்’ என்று எழுதிப் பிள்ளைகளைத் தொண்டையில் கைவைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லச் சொன்னேன். முதல் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் ஒன்றே. ஆனால் சொல்லின் முதலில் வரும்போது தொண்டை அதிராமலும், ம் என்ற மெய்யை அடுத்து வரும்போது அதிர்ந்தும் அது ஒலிக்கிறது. பிள்ளைக்கு இரண்டு ஒலியும் ஏற்கெனவே வாயில் இருக்கின்றன. தமிழில் அவற்றுக்குத் தனித்தனி எழுத்து தேவைப்படவில்லை, ஆங்கிலத்தில் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். இதை விளக்கிய பின் மட்டையும் தட்டிக்கொடுத்தலும் பிரிந்துவிட்டன. ‘இஸ்கூல்’ மட்டும் இன்னும் போகவில்லை. சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து வருவது தமிழ் நாவுக்குப் பழக்கமில்லாததால் அதற்கு நாள் பிடிக்கும்.

இந்த வேறுபாட்டைத் திரையில் காணொளியாகப் பார்த்திருந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த பகுதிக்குப் போயிருப்பேன். தாள் அசையாத வெட்கம் காணொளியில் கிடைக்காது.

கணக்காசிரியர் எழுதியது:

மேலே ஐயா எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் சகோதரியின் நிலை வேறு. தகுதித் தேர்வின் முதல் தாளில் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 30 வினாக்கள், மொத்தம் 150 மதிப்பெண். பெங்களூரில் ஆங்கிலப் பகுதிக்குச் சிறிது வலுக் கூடலாம். மற்ற நான்கில் ஒரு மாதம் நின்றுவிடும். பணியே ஆட்டங்காணும் நேரத்தில் ஒலியியலா என்று வீட்டில் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

இணையவழிப் பயிற்சியைக் குறைத்துச் சொல்வதும் முழுதும் நியாயம் அன்று. கொரோனாக் காலத்தில் 2020 அக்டோபரில் நிஷ்தா இணையத்துக்கு மாறியபோது, கைபேசியில் காணொளியை ஓடவிட்டு அடுக்களையில் வேலை பார்த்தவர்களில் நானும் ஒருவன். குற்றம் முழுவதையும் தளத்தின்மேல் போட எனக்கு மனம் வரவில்லை. அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பற்றிய 12 பாடத்தொகுதிகளைக் குறிப்பேட்டோடு உட்கார்ந்து மறுபடி பாருங்கள். குழந்தை மேம்பாட்டுப் பகுதிக்கு அதுவே பாதித் தயாரிப்பு.

கோப்புஎண் எழுதியது:

நடைமுறை பற்றி மட்டும் சொல்கிறேன். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் 30 நாள் இல்லையென்றால், எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளையும் தலைமையாசிரியர் ஒருவரே பார்த்தாக வேண்டும். எனவே பெயர் கொடுக்கும்போதே, அருகிலுள்ள பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஓர் ஆசிரியரை அனுப்பக் கோரித் தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தனி விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். செயல்முறைக் கடிதத்தில் உங்கள் பெயர் வந்ததை உறுதிசெய்துகொண்டு, பணிவிடுவிப்பு ஆணையைக் கையில் வாங்கிய பின்னரே பயணச்சீட்டு எடுங்கள். வாய்மொழி அனுமதியை நம்பி ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு, அந்த நாள்களை ஈட்டிய விடுப்பில் கழித்துக்கொள்ள வேண்டிய நிலைக்கு நான் ஆளானேன். பிறகு எழுதிய நான்கு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை.

ஈராசிரியர்பள்ளி எழுதியது:

மூவருக்கும் நன்றி. இன்று காலை ‘பம்பரம்’ சொல்லிப் பார்த்தோம். தொண்டையில் கைவைத்த பிள்ளைகள் ஒருவர் தொண்டையை மற்றவர் தொட்டுப் பார்க்கத் தொடங்கியதால் வகுப்பு சிறிது கலைந்தது. ஆனால் நான்கு பேர் வேறுபாட்டைத் தாமாகவே சொன்னார்கள். தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், மாற்று ஆசிரியர் கிடைத்தால் போய் வா அம்மா என்றார். பெயர் கொடுக்கிறேன். மாலை வகுப்பு முடிந்தபின் விடுதியில் கணிதமும் சூழ்நிலையியலும் படிக்க இரண்டு மணிநேரம் கிடைக்குமா என்பதைப் பம்பரம் ஐயா சொல்ல வேண்டும்.

பம்பரம் எழுதியது:

கிடைக்கும் அம்மா. மறுநாள் நடத்திக் காட்டவேண்டிய மாதிரி வகுப்பு இருந்தால் மட்டும் கிடைக்காது. கம்பளிச் சட்டை ஒன்று எடுத்துச் செல்லுங்கள். தென்காசிச் சாரலை நினைத்துக்கொண்டு போனால் விடியற்காலையில் ஏமாந்துபோவீர்கள்.