ஒரு ஸ்கிரீன்ஷாட்டை வைத்து ஓவியரைத் திட்டலாமா? அனிமே முகங்கள் கோணுவது பற்றி ஒரு விவாதம்

வரைபலகை:

டிராகன் பால் சூப்பர் என்ற ஜப்பானிய அனிமேஷன் (அனிமே) தொடரின் ஐந்தாவது எபிசோடின் அந்த ஸ்கிரீன்ஷாட் இந்த வாரம் மறுபடியும் கண்ணில் பட்டது. 2015 ஆகஸ்டில் ஒளிபரப்பான எபிசோடு. கதாநாயகன் கோகுவும் அழிவின் கடவுள் பீரஸும் மோதும் காட்சி. கோகுவின் முகம் தட்டையாகி, கண்ணும் வாயும் இடம் மாறி, யாரோ அவசரமாகக் கிறுக்கியது போல இருக்கும். இத்தனை வருடம் கழித்தும் அதைப் பகிர்ந்து, "இவனுக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது" என்று எழுதுகிறார்கள்.

எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. வினாடிக்கு 24 ஃபிரேம். ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களில் பெரும்பாலும் ஒரே படத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள், அதாவது வினாடிக்கு எட்டுப் படம். அப்படியும் ஒரு எபிசோடுக்கு மூவாயிரம் நாலாயிரம் படங்கள் வேண்டும். அதில் ஒன்றை நிறுத்திப் பிடித்து, அதை வரைந்தவருக்கு வரையவே தெரியாது என்று தீர்ப்பு சொல்வது எப்படிச் சரி? அதே ஆள், நேரம் கொடுத்தால் பிரமாதமாக வரைவார். பிழை கையில் இல்லை, காலெண்டரில் இருக்கிறது.

கடைசிபெஞ்ச்:

யாரோ ஒரு இளைஞரைத் திட்டுவது தப்பு, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நீங்கள் அதோடு சேர்த்துப் பிழையையே மூடி மறைக்கிறீர்கள்.

பார்க்கிறவனுக்கு ஸ்டுடியோவின் காலெண்டர் எதற்கு? அனிமேஷனில் நடிகர் கிடையாது. முகம்தான் ஆள். ஒரு ஷாட்டில் தாடை கூர்மை, அடுத்த ஷாட்டில் உருண்டை, அதற்கடுத்த ஷாட்டில் கண்களுக்கு நடுவே இன்னொரு கண் வைக்கலாம் போல இடைவெளி. அப்புறம் அந்த ஆள் அழும்போது நான் எப்படி உருகுவேன்? இன்னொன்று, பீரஸ் வரும் கதை 2013லேயே திரைப்படமாக வந்துவிட்டது. அதே மோதலைத் திரையில் நல்ல படமாகப் பார்த்த ரசிகனிடம்தான் தொலைக்காட்சியில் மட்டமான பிரதியைக் கொடுத்தார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

ஃபிரேமை நிறுத்திப் பார்க்காதே என்று சொல்வதும் எப்போதும் எடுபடாது. செவன் டெட்லி சின்ஸ் மூன்றாவது சீசன், 2019-20ல் வந்தது, எஸ்கனோரும் மெலியோடஸும் மோதும் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. ஓடும்போதே உடம்பு கோணல் தெரிகிறது, அடி விழும்போது கனமே இல்லை, போதாக்குறைக்கு ரத்தத்தை வெள்ளையாக்கி வைத்திருந்தார்கள். மூலக்கதையான மங்காவில் (ஜப்பானிய காமிக்ஸ்) படித்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்த காட்சி அது.

இடைப்படம்:

சென்னையில் ஒரு சின்ன 2டி ஸ்டுடியோவில், வெளிநாட்டுத் தொடர்களுக்கு இன்பிட்வீன் (முக்கியப் படங்களுக்கு நடுவே வரும் படங்கள்) போடும் வேலை பார்த்தவன். ஜப்பானில் வேலை செய்ததில்லை. ஆனால் முகம் எந்த இடத்தில் மாறுகிறது என்று சொல்ல முடியும், எல்லா ஊரிலும் அது ஒன்றுதான்.

முதலில் மாடல் ஷீட் வரும். கதாபாத்திரம் முன்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து, பின்னாலிருந்து எப்படி இருக்கும், சிரித்தால் எப்படி, கோபத்தில் எப்படி, யார் யாரைவிட எத்தனை உயரம், எல்லாம் அதில் இருக்கும். ஒரு எபிசோடில் சுமார் முந்நூறு ஷாட் இருக்கும். அவற்றை, முக்கியப் படங்களை வரையும் பத்துப் பதினைந்து கீ அனிமேட்டர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அத்தனை பேர் கையிலும் அதே மாடல் ஷீட்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கையும் வேறு. ஒருவர் கண்ணைக் கொஞ்சம் பெரிதாகப் போடுவார், இன்னொருவர் நெற்றியை உயர்த்துவார். இந்த வித்தியாசம் வராமல் இருக்கவே இருக்காது, நல்ல ஸ்டுடியோவிலும் வரும்.

அதைச் சமப்படுத்தத்தான் அனிமேஷன் டைரக்டர் என்று ஒருவர் இருக்கிறார். கீ அனிமேட்டர் வரைந்த தாளின்மேல் மெல்லிய வண்ணத் தாள் ஒன்றை வைத்து, முகத்தை மட்டும் திரும்ப வரைவார். நீங்கள் திரையில் பார்க்கும் "ஒரே முகம்" பெரும்பாலும் அந்த ஒருவருடைய கை. அவருக்கு மூன்று வாரம் கிடைத்தால் எல்லா ஷாட்டையும் தொடுவார். மூன்று நாள் கிடைத்தால் குளோசப்பை மட்டும் திருத்திவிட்டு, தூரத்து ஷாட்டை அப்படியே அனுப்புவார். தூரத்தில் நிற்கும் ஆளுக்கு மூக்கு இல்லாமல் போவது இப்படித்தான்.

கடைசிப் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். அனிமேஷன் டைரக்டர் என்று ஒன்றிரண்டு பெயர் இருந்தால் ஓரளவு நிதானமாகச் செய்திருக்கிறார்கள். பத்துப் பெயர் இருந்தால், நேரம் இல்லாமல் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிய்த்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது திருத்தும் கையே பத்தாகிவிடுகிறது. அப்புறம் முகம் எப்படி ஒன்றாக இருக்கும்?

வாள் ஒரு ஷாட்டில் இடுப்பின் இடது பக்கம், அடுத்ததில் வலது பக்கம் என்று வருவது வேறு வகைப் பிழை. பழைய ஷாட்டைக் கண்ணாடியில் பார்த்தது போலத் திருப்பிப் போட்டு மறுபடி பயன்படுத்துவார்கள். தலை வகிடு, சட்டைப் பை, காயத் தழும்பு எல்லாம் கூடவே திரும்பிவிடும். அதைப் பிடிக்க ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த ஆளைத்தான் முதலில் குறைப்பார்கள்.

கடைசிபெஞ்ச்:

இப்படி விளக்கமாக யாரும் சொன்னதில்லை, நன்றி. ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கத்துக்குத்தான் பலம். இது தவிர்க்க முடியாதது இல்லை. திருத்தும் ஆளுக்கு நேரம் கொடுக்க வேண்டாம் என்று யாரோ முடிவு எடுக்கிறார்கள். அந்த யாரோவுக்குப் பார்வையாளனின் கோபம் போய்ச் சேர வேண்டாமா? நாம் எல்லாரும் பெருந்தன்மையாக மன்னித்துக்கொண்டே இருந்தால், அடுத்த சீசனுக்கும் மூன்றே நாள்தான் கொடுப்பார்கள்.

நிலாமுற்றம்:

பணம் குறைவு, நேரம் குறைவு என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் நியாயப்படுத்த முடியாது. ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேஷன் பிறந்ததே பற்றாக்குறையில்தான். 1963 ஜனவரி 1 அன்று மங்கா ஓவியர் டெசுகாவின் அஸ்ட்ரோ பாய் தொடர் தொடங்கியபோது, வாரம் ஒரு அரை மணி நேரம் என்பது நடக்காத காரியமாகத்தான் தெரிந்தது. வாயை மட்டும் அசைத்து, வரைந்த ஷாட்டைச் சேமித்து வைத்துத் திரும்பப் போட்டுச் சமாளித்தார்கள். குறைவாக வரைந்தார்கள், அதனால் வரைந்ததைக் கவனமாக வரைய முடிந்தது.

எவாஞ்சலியன் இன்னும் நல்ல உதாரணம். 1995-96. கடைசிப் பகுதியில் காலண்டரும் கையிருப்பும் கழுத்தை நெரித்த தொடர். 22ஆவது எபிசோடில் அசுகாவும் ரேயும் லிஃப்டில் நிற்கிறார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம் எதுவும் அசையாது. 24ஆவதில் எவா என்ற ராட்சத இயந்திரத்தின் கைக்குள் கவோரு என்ற பையன், பின்னணியில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபொனி, அதுவும் அசையாத படம். யாராவது இதை மலிவு என்று சொல்வார்களா? மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். பத்துக் கோணல் படத்துக்குப் பதில் ஒரு நல்ல படம் போட்டார்கள். ஐந்தாவது எபிசோடின் கோகுவுக்கும் அதைச் செய்திருக்கலாமே? தெம்பு இல்லாத இடத்தில் ஓட வைத்ததுதான் தப்பு. அது திட்டமிட்டவருடைய, இயக்கியவருடைய தப்பு.

வரைபலகை:

நிலாமுற்றம், லிஃப்ட் காட்சி எனக்கும் உயிர். ஆனால் அது இரண்டு பெண்கள் ஒருவரோடொருவர் பேச மறுக்கும் காட்சி. அசையாமல் இருப்பதே அங்கே கதை. கோகு சண்டையில் ஒரு நிமிடம் அசையாமல் நின்றால் அது டிராகன் பாலே இல்லை. அதுவும் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கி ஐந்தே வாரம், அதைத் தயாரித்த டோயெய் ஸ்டுடியோ ஆட்கள் கையில் அடுத்தடுத்த எபிசோடுகள் வரிசையில் நிற்கின்றன.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லவில்லை. கோணிய முகம் எல்லாமே பிழை இல்லை. நருட்டோ ஷிப்பூடன் 167ஆவது எபிசோடு, 2010ல் வந்தது, பெயின் என்ற வில்லனோடு நருட்டோ மோதுவது. முகங்கள் ரப்பர் போல இழுபடும், கன்னம் பிதுங்கும், உடம்பு வளையும். அதையும் இதே ஸ்கிரீன்ஷாட் கூட்டம்தான் "கேவலம்" என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தது. அது வேண்டுமென்றே செய்தது. வேகத்தைக் காட்ட வடிவத்தை உடைத்தார்கள். ஓடவிட்டுப் பாருங்கள், மாடல் ஷீட்டை ஒட்டி வரைந்த எத்தனையோ சண்டையைவிட அதில் உயிர் அதிகம்.

குர்ரென் லாகன் நாலாவது எபிசோடு, 2007. அந்த எபிசோடை இயக்கிய ஒசாமு கோபயாஷி, முகங்களைத் தன் பாணியில் வரையவிட்டார். இணையத்தில் ரசிகர்கள் கொதித்தார்கள், தயாரித்த கைனாக்ஸ் ஸ்டுடியோவின் தகாமி அகாய் பதிலுக்கு எழுதிய வார்த்தைகள் பிரச்சினையாகி அவர் பொறுப்பிலிருந்தே விலகினார். முகம் ஒரே மாதிரி இல்லை என்பதற்காக இத்தனை. இந்தக் கூட்டத்தின் கோபம் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று கேட்டீர்களே கடைசிபெஞ்ச், மூன்று நாள் கொடுத்தவருக்கு அது போவதே இல்லை. புதிதாக முயற்சி செய்தவர்மேல்தான் விழுகிறது.

கடைசிபெஞ்ச்:

167 எனக்குப் பிடிக்காது, ஆனால் அது பிழை இல்லை என்பதை ஏற்கிறேன். குர்ரென் லாகனும் அப்படித்தான். வேண்டுமென்றே உடைத்ததையும் முடியாமல் உடைந்ததையும் ஓடும்போதே பிரித்துப் பார்க்க முடியும். உடைத்ததில் அசைவு நன்றாக இருக்கும், முகம் மட்டும் வேறாக இருக்கும். உடைந்ததில் இரண்டுமே இருக்காது. மெலியோடஸ் காட்சிக்கு 167ஐக் கேடயமாகப் பிடிக்காதீர்கள்.

2006ல் ஒரு காதல் தொடரில் முட்டைகோஸ் நறுக்கும் காட்சி வந்ததே, அதில் என்ன கலைநோக்கம்? பச்சைப் பந்து ஒன்றைக் கத்தியால் வெட்டுகிறார்கள். இலை இல்லை, நரம்பு இல்லை. ஜப்பானில் அது அடையாளமாகவே ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எந்தத் தொடரில் முட்டைகோஸ் வந்தாலும் ரசிகர்கள் உற்றுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. டிவிடியில் ஒழுங்கான முட்டைகோஸாக மாற்றிக் கொடுத்தார்கள். சிரித்தார்களே, அதனால்தான் மாற்றினார்கள்.

இடைப்படம்:

மாற்றியது யார் என்றும் யோசியுங்கள். திருத்தம் என்று வந்தால் ஒரு எபிசோடு வேலையோடு பழைய எபிசோடும் சேர்ந்து மேசையில் உட்காரும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் இன்பிட்வீன் ஒரு படத்துக்குச் சுமார் 200 யென் என்பது வெகுகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. அங்குள்ள அனிமேட்டர்கள் சங்கம் 2015ல் வெளியிட்ட ஆய்வில், இன்பிட்வீன் போடுபவரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 லட்சம் யென். டோக்கியோவில் அதை வைத்து ஒரு அறை வாடகை கொடுத்துச் சாப்பிடுவதே கஷ்டம். படத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால், நிதானமாக வரைகிறவருக்குத்தான் நஷ்டம். தொடருக்குப் பணம் போடுவது தொலைக்காட்சி நிறுவனம், பதிப்பகம், பொம்மை நிறுவனம், பாடல் நிறுவனம் எல்லாம் சேர்ந்த ஒரு குழு. ஸ்டுடியோவும் அந்தக் குழுவில் பங்கு போட்டிருந்தால் ஒழிய, அதற்குப் பேசிய தொகை மட்டும்தான், தொடர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதேதான். எங்கே போய்க் கோபப்படுவது என்று கேட்டால், நான் அந்தக் குழுவைத்தான் காட்டுவேன். அவர்கள் பெயர் பாடல் முடியும்போது ஒரே வரியில் வந்து போய்விடும்.

நிலாமுற்றம்:

இதற்கு நேர்மையான பதில் ஒன்று நடந்திருக்கிறது, சொல்லியாக வேண்டும். 1979ல் வந்த கன்டாம் ரோபோ தொடர், பதினைந்தாவது எபிசோடு, குகுருஸ் டோவானின் தீவு. வெளியே கொடுத்து வாங்கிய எபிசோடு. அதில் வரும் 'சாக்கு' (Zaku) என்ற ரோபோ ஒல்லிக்குச்சியாக, மூக்கு நீண்டு நிற்கும். முகங்களும் அப்படியே. ஆங்கிலப் பதிப்பு வெளியானபோது இந்த ஒரு எபிசோடை விட்டுவிடச் சொன்னதே இயக்குநர் டோமினோதான். போரிலிருந்து விலகி, அநாதைக் குழந்தைகளை வளர்க்கும் டோவான் என்ற வீரனின் கதை. கதையில் ஒரு குறையும் இல்லை. கோணல் படத்தால் பல வருடம் அந்தக் கதையே ஆங்கிலத்தில் பார்த்த ரசிகனுக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தொடரின் கதாபாத்திரங்களை வடிவமைத்த யாசுஹிகோ, தொடர் நடக்கும்போதே வேலைப்பளுவில் உடம்பு கெட்டு மருத்துவமனையில் படுத்தவர். அவரே 2022ல் அந்த எபிசோடை முழுநீளத் திரைப்படமாக இயக்கினார். அதில் டோவானின் சாக்குவுக்கு நீண்ட மூக்கை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். நாற்பது வருடக் கேலியை மதித்து, அதை ஒழுங்காக வரைந்து காட்டினார்கள்.

வரைபலகை:

டோவான் கதை என் பக்கத்துக்குத்தான் சாட்சி. ஒளித்து வைத்ததால் ஒன்றும் சரியாகவில்லை. திரும்பப் போய் வரைய வாய்ப்பும் நேரமும் கிடைத்ததால் சரியானது. அதனால் டோமினோ செய்ததை நான் ஏற்கவில்லை. அந்த எபிசோடையும் வெளியிட்டிருக்க வேண்டும்.

நிலாமுற்றம்:

படைத்தவருக்குத் தன் பெயரில் எது போகலாம் என்று சொல்ல உரிமை இல்லையா?

வரைபலகை:

ஒருமுறை ஒளிபரப்பான பிறகு இல்லை. அதை வரைந்தவர்களும் படைத்தவர்கள்தான்.

கடைசிபெஞ்ச்:

அப்படியானால் டிராகன் பால் சூப்பரில் புளூரேக்காகத் திருத்தி வரைந்த ஷாட்களைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? காசு கொடுத்துப் புளூரே வட்டு வாங்கியவனுக்கு நல்ல கோகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தவனுக்குக் கெட்ட கோகு. என் கோபம் முழுக்க இதில்தான். முதலில் பார்ப்பவனைப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

இடைப்படம்:

திருத்தியதை ஸ்ட்ரீமிங்கிலும் மாற்றி வைக்கலாம், தொழில்நுட்பமாக ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் முதலில் ஒளிபரப்பானதை அழிக்காமல் ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு எந்த ஷாட்டில் யார் கை, எங்கே திருத்தம், எங்கே நேரம் முடிந்தது என்று காட்ட அதைவிட நல்ல பாடம் கிடையாது. நான் கண்ணின் உயரத்தைப் பிடிக்கக் கற்றது இப்படி இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான்.

கடைசிபெஞ்ச்:

இரண்டையும் வைக்கட்டும், எந்தப் பதிப்பு என்று தலைப்பிலேயே எழுதட்டும். அதுவரை நான் ஸ்கிரீன்ஷாட் போடுவதை நிறுத்தப்போவதில்லை. வரைந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதமாட்டேன், பணம் போட்ட குழுவில் இருக்கும் நிறுவனங்களின் பெயரைத்தான் எழுதுவேன்.

வரைபலகை:

எபிசோடு எண்ணையும் ஷாட் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். ஓடவிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கட்டும்.