தவிட்டுத் தட்டின் நடுவில் சூடு ஏறுகிறது: பெங்களூரில் அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். பீன்யாவில் எங்களுடையது சின்ன யூனிட். கோதுமைத் தவிட்டில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சையை வளர்த்து அமைலேஸ் (மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி) எடுக்கிறோம். கிலோவுக்கு ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், அதாவது ஈரம் 60 சதவீதம். ஸ்டீல் தட்டில் 5 செ.மீ. உயரம், அறை 30 டிகிரி.

முதல் 20 மணி நேரம் பிரச்சினையே இல்லை. அதன்பிறகு தட்டின் நடுப்பகுதி 44 டிகிரியைத் தொடுகிறது. ஓரமெல்லாம் வெள்ளைவெளேரென்று பூஞ்சை. நடுவில் மட்டும் பிசுபிசுத்த கட்டி, புளித்த வாடை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கோல் வடிவ பாக்டீரியா.

தவிட்டை நீராவி அழுத்தத்தில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவைச் சந்தேகப்பட வேண்டாம். இந்த ஊர் உயரத்தில் கேஜ் 15 பி.எஸ்.ஐ. காட்டினாலும் உள்ளே 119 டிகிரிதான் வரும் (பலர் இதைக் கவனிப்பதில்லை). அதனால் 45 நிமிடம் விடுகிறோம். பூஞ்சை விதை போடாத தட்டு கடைசிவரை சுத்தமாகவே இருந்தது. அமைலேஸ் உண்டாக்கும் சர்க்கரையை அளக்கும் டி.என்.எஸ். சோதனையில் கொதிக்கவைத்த சாற்றின் அளவைக் கழித்துவிடுகிறோம்; இல்லாவிட்டால் தவிட்டின் சர்க்கரையே அமைலேஸ் போலக் கணக்கில் ஏறிவிடும்.

உயரத்தை 3 செ.மீ. ஆக்கினால் சூடு குறையும், ஆனால் தட்டும் ரேக்கும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். நெல் உமி கலந்து ஓட்டியவர்கள் உண்டா, எத்தனை சதவீதம்? 24 மணி நேரத்தில் ஒருமுறை கிளறினால் பூஞ்சை இழை அறுந்து விளைச்சல் விழுகிறதா? ஈரக்காற்று ஊதுபவர்கள் புளோயர் அளவைச் சொன்னால் பெரிய உதவி. பாக்டீரியா விதையோடு வருகிறதா என்று ஸ்லாண்ட்டை (விதைப் பூஞ்சையை வைத்திருக்கும் சோதனைக்குழாய்) தனியாகச் சோதிக்கிறோம். வெப்பநிலைப் பதிவு இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறோம்.