கால்சியம் ஏறவே மாட்டேன் என்கிறது, ஆல்க் (காரத்தன்மை) ஏறின வேகத்தில் இறங்குகிறது. உதவி தேவை

உப்புத்தண்ணி (சிங்கப்பூர்)

வணக்கம். தெம்பனிஸில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, வரவேற்பறையில் ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. சம்ப்பையும் (கீழே இருக்கும் துணைத் தொட்டி) சேர்த்து 180 லிட்டர் தண்ணீர், தொட்டிக்கு ஒன்றரை வயது. முதலில் சாஃப்ட் கோரல் (மென்பவளம்) மட்டும்தான். ஆறு மாதமாகக் கடினப் பவளமும் உண்டு: ஒரு ஹேமர், இரண்டு மாண்டிபோரா, சின்னதாக ஒரு அக்ரோபோரா. மாண்டிபோரா வளரும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியுமே, அதை ஒரு மாதமாகக் காணோம். கண்ணாடியில் ஊதா கோரலைன் பாசி படிவதும் நின்றுவிட்டது.

கால்சியம் 360 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), ஆல்க், அதாவது தண்ணீரிலுள்ள கார்பனேட் சரக்கு, 6.3 டிகேஎச் (அதன் அலகு). அதனால் தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் சம்ப்பில் கால்சியம் குளோரைடு கரைசலை ஊற்றி, கையோடு பேக்கிங் சோடா கரைசலையும் ஊற்றுகிறேன். ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் ஆல்க் 8 காட்டும். மறுநாள் காலை 6.5. கால்சியம் இம்மியும் அசையவில்லை. அளவை இரண்டு மடங்காக்கினேன், அப்போதும் அதே கதைதான். பவளம் இவ்வளவா சாப்பிடும்?

சுண்ணாம்பு அண்ணாச்சி (ஸ்கார்பரோ)

கொஞ்சூண்டு பவளம் ஒரே நாளில் ஒன்றரை டிகேஎச் சாப்பிடாது தம்பி. மூன்று கேள்வி. இரண்டையும் ஊற்றும்போது சம்ப் வெளுக்கிறதா? மக்னீசியம் எவ்வளவு? உப்பை எதில் அளக்கிறீர்கள்? அப்படியே சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உப்புத்தண்ணி

அண்ணே, வெளுக்கிறது. பால் ஊற்றின மாதிரி ஆகி, மதியத்துக்குள் தெளிந்துவிடும் என்று மனைவி சொல்கிறார். பம்ப் இம்பெல்லரில் (சுழலும் இறக்கை) வெள்ளைச் செதில் அப்பியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் மொரமொரவென்று உதிர்கிறது, வினிகரில் போட்டதும் நுரைத்தது. சம்ப்பின் ஒரு மூலையில் மணல் கல்லாகக் கட்டியிருக்கிறது. மக்னீசியம் அளக்கும் கிட் கடன் வாங்கி அளந்தேன், 1140. உப்பு, ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி வளைவை வைத்து உப்பளவு காட்டும் கருவி) 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு. ஆர்ஓ (உப்பு நீக்கி வடிகட்டிய) தண்ணீர் விட்டுப் பூஜ்யம் வைத்துத்தான் பார்க்கிறேன்.

சுண்ணாம்பு அண்ணாச்சி

நீங்கள் வாங்கிப் போட்டதெல்லாம் அந்த பம்பில் இருக்கிறது. கால்சியமும் கார்பனேட்டும் செறிவாக ஓரிடத்தில் சந்தித்தால் கால்சியம் கார்பனேட்டாக இறுகிவிடும். பவளம் எலும்பு கட்டுவதும் இதே சரக்கால்தான். உங்கள் தொட்டியில் அந்த வேலையை பம்ப் செய்துகொண்டிருக்கிறது. சூடான பரப்பில்தான் இது முதலில் படியும். அளவை இரட்டிப்பாக்கியதும் செதில்தான் இரட்டிப்பாகியிருக்கும்.

ஆனால் எனக்கு உறுத்துவது மக்னீசியம். கடல்நீரில் அது 1290 பக்கம் இருக்கும், கால்சியம் 420, ஆல்க் 7 பக்கம். மக்னீசியம்தான் கால்சியம் கார்பனேட் படிகம் வளரவிடாமல் இடையில் புகுந்து தடுக்கிறது. அது குறைந்தால் மற்ற இரண்டும் தண்ணீரில் தங்காது. 1290இல் 1140 என்றால் ஏறக்குறைய 88 சதவீதம். உப்பே குறைவாக இருந்தால் மக்னீசியமும் அதே வீதத்தில் குறையும்; 35இல் 88 சதவீதம் 31. அதனால் முதல் சந்தேகம் உங்கள் ரிஃப்ராக்டோமீட்டர் மேல். பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35இல் பொய் சொல்லலாம். 35 பிபிடி அளவுக் கரைசல் ஒரு சின்ன பாட்டிலில் விற்கிறார்கள். அதில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், அதுவரை எதையும் ஊற்றாதீர்கள்.

மெட்ராஸ் மீன் (கொளத்தூர்)

ஓரமாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இங்கே இந்தியாவில் கடினப் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் (முழுப் பாதுகாப்பு) இருப்பதால் நான் உப்புத்தண்ணீர் மீனோடு நிறுத்திக்கொண்டேன். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளத்தை வெட்டிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். நீங்கள் சுண்ணாம்பைக் கரைத்துப் பவளம் வளர்க்கப் பார்க்கிறீர்கள். படிக்கவே வேடிக்கையாக இருக்கிறது.

உப்புத்தண்ணி

அண்ணே, அளவுக் கரைசலில் 39 காட்டுகிறது!

சுண்ணாம்பு அண்ணாச்சி

அப்படியானால் உங்கள் 35 உண்மையில் 31தான். மக்னீசியம் தனியாக வாங்க வேண்டாம், உப்பு ஏறினால் அதுவும் ஏறும். கருவியைக் கரைசலை வைத்து 35க்குத் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ச் சூட்டில் தினம் எவ்வளவு தண்ணீர் ஆவியாகிறது? 2 லிட்டர் என்றால், அந்த 2 லிட்டரை நல்ல தண்ணீருக்குப் பதில் 35இல் கலந்த உப்புத்தண்ணீராக விடுங்கள். நாளுக்கு 0.4 வீதம் ஏறி, பத்து நாளில் 35 வந்துவிடும். ஒரே நாளில் ஏற்றினால் பவளம் தாங்காது.

அதற்கு முன் ஒரு சோதனை. பேக்கிங் சோடா மட்டும் 5.4 கிராம் கரைத்து, ஆல்க் 7.5 பக்கம் கொண்டுவாருங்கள். கணக்கு இதுதான்: 100 லிட்டருக்கு 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம். பிறகு இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு, தினம் ஒரே நேரத்தில் அளந்து சொல்லுங்கள். கால்சியத்தைத் துரத்த வேண்டாம். ஆல்க் 1 இறங்கும்போது கால்சியம் 7 பிபிஎம்தான் இறங்கும். 400இல் 7 போனால் எந்தக் கிட்டுக்கும் தெரியாது, 7இல் 1 போனால் உடனே தெரியும்.

உப்புத்தண்ணி

7.5, 7.0, 6.5.

சுண்ணாம்பு அண்ணாச்சி

பார்த்தீர்களா, பவளத்தின் பசி நாளுக்கு அரை டிகேஎச்தான். காலையில் 2.7 கிராம் பேக்கிங் சோடா. இரவில் 2.4 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் மெதுவாக விடுங்கள். நடுவில் ஒரு பகல் இடைவெளி இருக்கட்டும்.

உப்பு 35 வந்தபின் இந்த இரண்டையும் நிறுத்திவிட்டுச் சுண்ணாம்புத் தண்ணீருக்கு மாறலாம். அதில் கால்சியமும் ஆல்க்கும் பவளம் கேட்கும் விகிதத்திலேயே இருக்கும்.

உப்புத்தண்ணி

லிட்டில் இந்தியாவில் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா கிடைக்கிறதே, ஆகுமா?

சுண்ணாம்பு அண்ணாச்சி

ஆகாது. அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று டப்பாவுக்கே தெரியாது. உணவுத்தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு தூள் வாங்குங்கள். உங்களுக்கு நாளுக்கு 1.2 கிராம் போதும். ஆவியாகும் 2 லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கலக்கி, அடியில் வண்டல் தங்கியபின் தெளிவை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மேலே பாலேடு மாதிரி ஒரு படலம் கட்டும், அது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு செய்த வேலை. பாத்திரத்தை மூடி வைத்தால் குறையும். நிறைவுற்ற கரைசலின் பிஎச் 12.4, கண்ணில் பட்டால் எரித்துவிடும். இன்னொன்று, உப்புத்தண்ணீரில் இதைக் கலக்கிவிடாதீர்கள். மறுபடி பால்தான்.

உப்புத்தண்ணி

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். உப்பு 35. மக்னீசியம் 1280, கால்சியம் 405, ஆல்க் 7.4. நான்கு நாளாக இரவில் சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டுகிறது, சம்ப் ஒரு தடவைகூட வெளுக்கவில்லை. மாண்டிபோராவின் வலது ஓரத்தில் மட்டும் தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு. நேற்று டார்ச் அடித்துத்தான் பார்த்தேன். இடது பக்கம் இன்னும் ஒன்றும் இல்லை. பம்பை ஊறவைத்த வினிகர் வாடைதான் குளியலறையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது, அதற்கு ஏதாவது வழி தெரிந்தால் சொல்லுங்கள் அண்ணே.