சபைப் பத்திரிகைக்கு இறையியல் நூல் விமர்சனம்: செமினரி படிக்காதவன் எழுதலாமா?

ராணிப்பேட்டை கணக்கன்:
ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். வீடு சத்துவாச்சாரி. படிப்பு பி.காம்., ஆனால் இறையியல் புத்தகம் என்றால் பைத்தியம். காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் மேல்விஷாரம் வருவதற்குள் நாலைந்து பக்கம் ஓடும். லெட்ஜரில் டிக் போடுகிற அதே சிவப்புப் பென்சிலால்தான் கோடு போடுவேன். ஆற்காடு பாலத்தில் பஸ் குலுங்கும்போது கோடு அடுத்த வரிக்கு இறங்கிவிடும். அப்புறம் எந்த வரி பிடித்தது என்று எனக்கே தெரியாது. (கார்ல் பார்த் என்ற இறையியலாளரின் தடித்த புத்தகங்கள் மட்டும் வீட்டில்தான். அந்தக் கனத்தை நின்றுகொண்டு பிடிக்க முடியாது.)

எங்கள் சபை மாதப் பத்திரிகையில் எனக்கு ஒரு பக்கம் தந்திருக்கிறார்கள். போன மாதம் ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் 1972இல் எழுதிய 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' நூலைப் பற்றி எழுதினேன். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பாஸ்டரேட் கமிட்டிப் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "பிதாவும் துன்பப்பட்டார்னு எழுதியிருக்கியே தம்பி, அது பழைய துர்உபதேசம் ஆச்சே? இதெல்லாம் போதகர் ஐயர்மார் பார்த்துக்குவாங்க. நீ ஏதாவது சாட்சி புத்தகம் எழுது."

அவர் சொல்வது சரியா? சரியில்லை என்றால், இந்த மாதிரி நூலை ஒரே பக்கத்தில் எப்படி எழுதுவது?

காட்பாடி அக்கா:
தம்பி, நிறுத்தாதே. சாட்சி புத்தகத்துக்கு எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் உன் பக்கத்தை எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் வாசித்தபோது முதல் பாராவிலேயே பாதிப் பேர் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்கள். வரிக்கு ஒரு ஜெர்மன்காரர் பெயர்! அந்த மனுஷன் ஏன் இப்படி யோசித்தார் என்பதை நீ சொல்லவே இல்லை. 1943இல் ஹாம்பர்க்கில் குண்டு விழுந்தபோது பக்கத்தில் நின்ற நண்பன் செத்துப்போனான், இவர் பிழைத்தார். பிறகு போர்க்கைதி முகாமில்தான் பைபிளை ஒழுங்காகப் படித்தார். அதை முதலில் சொல், எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பழைய செமினரி வாத்தியார்:
பெரியவர் சொல்லும் துர்உபதேசம் உண்மையில் இருந்தது. பிதாவும் குமாரனும் ஒரே ஆள்தான், ஆகவே சிலுவையில் தொங்கியதே பிதாதான் என்று மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சிலர் போதித்தார்கள். அப்படிப் போதித்த பிரக்சேயாஸ் பிதாவையே சிலுவையில் அறைந்துவிட்டான் என்று அந்தக் காலத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கிண்டல் செய்தார். மோல்ட்மன் அதைச் சொல்லவில்லை. குமாரன் சாகிற வேதனையை அனுபவிக்கிறார். பிதா மகனை இழக்கிற துக்கத்தை அனுபவிக்கிறார். இரண்டு பேர், இரண்டு விதமான துன்பம். இந்த வித்தியாசத்துக்கு உங்கள் பக்கத்தில் மூன்று வரி ஒதுக்குங்கள், பெரியவர் கையில் கொடுங்கள்.

விமர்சனத்துக்கு நான் மாணவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: இந்த ஆள் யாரோடு சண்டை போடுகிறார்? கடவுளுக்குத் துன்பமே வராது என்ற பழைய நிலைப்பாட்டோடுதான் இவருக்குச் சண்டை. அந்தப் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். துன்பம் கடவுளையும் அடித்து வீழ்த்திவிடும் என்றால் நம்மைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. மோல்ட்மனை எதிர்த்தவர்களில் ஜெர்மன் பெண் இறையியலாளர் டோரதே சோல்லேயை விடாதீர்கள். மகனைச் சாகக் கொடுக்கிற தகப்பன் என்ற இந்தச் சித்திரம் கொடூரமாக இருக்கிறது என்று மறு வருஷமே ஒரு புத்தகத்தில் எழுதினார். பட்டம் இல்லாதவர் எழுதலாமா என்பது எனக்குக் கேள்வியே இல்லை. பட்டம் வாங்கியவர்கள் எழுதுகிற மதிப்புரைகளை நான் திருத்தியிருக்கிறேன், அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

ஆம்பூர் லூத்தரன்:
இதில் புதுசாக என்ன இருக்கிறது என்று கேட்டு வைக்கிறேன். 1518இல் ஹைடல்பர்க் விவாதத்தில் லூத்தரே கடவுளைச் சிலுவையில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மோல்ட்மன் அதைத்தான் எடுத்து நீட்டுகிறார். ஒன்று மட்டும் கவனியுங்கள் அண்ணே. அவர் எங்கள் ஆள் இல்லை, கால்வின் வழிவந்த சீர்திருத்த (ரிஃபார்ம்டு) சபைக்காரர். 1853இல் உங்கள் ஊருக்கு ஆற்காடு மிஷனைக் கொண்டுவந்த அமெரிக்க சபையும் அதே மரபுதான். "இவர் வெளியாள் இல்லை ஐயா, நம்ம மரபுக்காரர்" என்று பெரியவரிடம் சொல்லிப் பாருங்கள்.

ராணிப்பேட்டை கணக்கன்:
வாத்தியார் ஐயா, ரொம்ப நன்றி. சோல்லேயைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி, படித்ததில்லை. அந்தப் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பு வேலூரில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன். அட்டை போட்டுத்தான் வைப்பேன். கோடு போட மாட்டேன்.

ஆம்பூர் தம்பி சொன்ன மரபுக் கதையைப் பெரியவரிடம் சொல்லப் போவதில்லை. நம்ம ஆள் என்பதற்காக ஒருவர் சொன்னது சரியாகிவிடாது, அவரும் அதைத்தான் திருப்பிச் சொல்வார். வாத்தியார் சொன்ன மூன்று வரியை மட்டும் அடுத்த இதழில் போடுகிறேன்.

காட்பாடி அக்கா:
போடுவதற்கு முன்னால் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு. ஜெர்மன் பெயர் இரண்டுக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.