பாறை வழியாகப் பேச்சு: விநாடிக்கு 2400 பிட்டில் சொல் கரைகிறது

மின்மினி: கடைசி வருட இசிஇ. கூரை இடிந்து கேபிள் அறுந்த சுரங்கத்திலிருந்து, பாறை வழியாகவே குரலை மேலே அனுப்புவது எங்கள் புராஜெக்ட். அதிர்வெண் ஏற ஏறப் பாறை அலையை விழுங்கிவிடுகிறது. கிடைப்பது சில கிலோஹெர்ட்ஸ்தான். அதனால் குரலைச் சுருக்கும் மென்பொருளான கோடெக்2-வை விநாடிக்கு 2400 பிட்டில் ஓட்டினேன். ஹாஸ்டல் அறையில் தெளிவாக இருக்கிறது. பாறையை உடைக்கும் ஜாக்ஹேமரின் சத்தத்தைக் கலந்தால் ‘மூன்று பேர்’ என்பது வாய் கொப்பளிப்பது போல வருகிறது. 3200-க்கு ஏற்றியும் அதே கதைதான்.

அலைவரிசை: பிட்டைக் கூட்டிப் பயனில்லை. இந்தக் கோடெக் ஒலி அலையை அப்படியே அனுப்புவதில்லை. 20 மில்லி விநாடிக்கு 48 பிட். அதில் 36 பிட் வாயின் வடிவத்துக்கே போய்விடும், மீதியில்தான் சுருதியும் உரப்பும். ஜாக்ஹேமரின் தடதடப்பையும் குரலென்று எண்ணி அதற்குச் சுருதி தேடும். சுருக்குவதற்கு முன்பே இரைச்சலைக் கழியுங்கள். தொண்டையில் ஒட்டும் மைக்கையும் பாருங்கள்.

மின்மினி: தொண்டை மைக் பார்த்தாயிற்று. இரைச்சல் போனது, கூடவே ‘ச’வும் போனது. ‘சரி’ என்றால் ‘அரி’ என்று கேட்கிறது.

வைண்டர்_தாத்தா: தம்பி, கோலார் தங்கவயலில் 2001-இல் மூடும்வரை சிக்னல் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். கூரை விழுந்த இடத்தில் ஜாக்ஹேமரை யார் ஓட்டுவார்? தப்பான சத்தத்தோடு மல்லுக்கட்டுகிறீர்கள். வேலை நேரப் பேச்சுக்குச் சுரங்கப்பாதை நெடுக லீக்கி ஃபீடர் கேபிள் இருக்கும், நெடுகிலும் ரேடியோ அலையைக் கசியவிடும் கேபிள் அது, அங்கே இவ்வளவு பிழிய வேண்டியதில்லை. இன்னொன்று. புகைக்குள் மாட்டியவன் செல்ஃப் ரெஸ்க்யூயரை, அதாவது மூச்சுவிட உதவும் அவசரக் கருவியை, பல்லில் கடித்திருப்பான், மூக்கில் கிளிப். அவன் எப்படிப் பேசுவான்? அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் சாகோ சுரங்கத்தில், 2006 ஜனவரியில், உள்ளே மாட்டியவர்கள் கூரையைத் தாங்கும் போல்ட்டைச் சம்மட்டியால் தட்டினார்கள், மேலே கேட்கவில்லை. 12 பேர் இறந்து போனார்கள். வயர்லெஸ் கட்டாயம் என்று அங்கே சட்டம் வந்ததே அதற்கப்புறம்தான். எங்கள் கேஜுக்கு, அதாவது ஆளை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு, மணிதான் பாஷை, மூன்று தட்டு என்றால் ஆள் ஏறுகிறான். அதைவிடச் சுருக்க முடியுமா உங்கள் கோடெக்கால்?

மின்மினி: ஐயா, இது எங்கள் கைடுக்கே தோன்றவில்லை. குரலோடு பொத்தானும் வைத்துவிடுகிறேன். எத்தனை வேண்டும்?

வைண்டர்_தாத்தா: நான்கு போதும். கையுறையோடு, இருட்டில் தடவி அழுத்திப் பாருங்கள்.