குளத்தடி வீடு குழு: அந்தியேட்டித் தண்ணீர்

சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் அந்தியேட்டி, ஈமக் கிரியை. சமையலுக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கலாமா என்று எல்லோரும் சொல்லுங்கள். இன்று விடியக் குளம் பச்சையாகக் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு திலாப்பியா செத்து மிதக்கின்றன.

சின்னம்மா: யாரோ விஷம் கலந்துவிட்டார்களாம். குரல் பதிவு ஒன்று ஊர் முழுக்கச் சுற்றுகிறது.

சுதா அக்கா (பெரியப்பாவின் மகள், டொரன்டோ): ஐயோ. அப்பா, மாட்டைக் குளத்துக்கு விடாதீர்கள்.

பெரியப்பா: காலையிலேயே குடித்துவிட்டது. இப்போது வைக்கோல் தின்கிறது.

ரூபன்: பவுசர் (தண்ணீர் லொறி) பிடிப்போம். ஒட்டுசுட்டானில் கேட்கிறேன்.

மாமி: எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். தம்பி, கிட்ட நின்று படம் எடுத்து அனுப்பு.

சித்தப்பா: [படம்]

சித்தப்பா: [படம்]

மாமி: கையில் எடுத்துப் பார்த்தாயா? எப்படி இருந்தது?

சித்தப்பா: நனைந்த பட்டு நூல் மாதிரி. பிடிக்கப் பிடிக்க வழுக்கிக்கொண்டு போகிறது.

மாமி: அப்படியென்றால் ஸ்பைரோகைரா. இருபத்தெட்டு வருடம் உயர்தரப் பிள்ளைகளுக்கு நுணுக்குக்காட்டியில் காட்டிய பாசி. ஒவ்வொரு நூலும் கிளையே இல்லாமல், கலங்கள் (செல்கள்) ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்று உண்டானது. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் பச்சையவுருமணி, அதாவது பச்சை நிறம் தரும் பகுதி, ரிப்பன் போலச் சுருண்டு கிடக்கும். நூலைச் சுற்றிச் சளி போன்ற உறை இருக்கிறது, வழுக்குவது அதனால்தான். இந்தச் சாதியில் 400க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நம் குளத்துக்கு இது விருந்தாளி இல்லை. நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்த வருடமும் இதேபோல் நிறைந்து கிடந்தது, மறந்துவிட்டீர்களா?

சின்னம்மா: அப்போது அதை விலக்கித்தான் குளித்தோம்.

ரூபன்: அப்படியானால் மீன் ஏன் செத்தது?

மாமி: நல்ல கேள்வி. பகலில் இது ஒட்சிசனை வெளியிடும். நடுப்பகலில் பாருங்கள், குமிழிகள் சிக்கிப் பாசி மேலே மிதக்கும். இருட்டினால் ஒளித்தொகுப்பு, அதாவது வெயிலில் உணவு தயாரிப்பது, நின்றுவிடும், ஆனால் மூச்சு நிற்காது. பாசியும் மீனும் ஒரே தண்ணீரில் உள்ள ஒட்சிசனை இரவு முழுவதும் எடுக்கின்றன. அழுகும் பாசியில் பற்றீரியாவும் சேர்ந்தால் விடியப்புறம் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைந்துபோகும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஆனால் தவளையும் தண்ணீர்ப் பாம்பும் கூடச் செத்துக் கிடந்தால் அது வேறு கதை, விஷத்தைச் சந்தேகிக்கலாம். அதைப் பார்த்தீர்களா?

சித்தப்பா: தவளை இரவெல்லாம் கத்தியது. தூக்கமே இல்லை.

சுதா அக்கா: மாமி, திடீரென்று ஏன் இவ்வளவு?

மாமி: தேங்கிய தண்ணீரும் வெயிலும் உரமும் சேர்ந்தால் போதும். போன கிழமை மழைக்கு முதல் நாள், குளத்துக்கு மேலே இருக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கு யூரியா போட்டார்கள். மழை அதைக் கழுவிக் கொண்டுவந்து குளத்தில் இறக்கியது.

பெரியப்பா: தோட்டம் என்னுடையது என்று நேரே சொல்லேன், பிள்ளை.

மாமி: குற்றம் சொல்லவில்லை அண்ணா. ஊரில் எல்லோரும் மழையைப் பார்த்துத்தானே போடுகிறார்கள். குளத்துப் பக்கம் நாலு முழம் புல்லை வெட்டாமல் விட்டாலே உரத்தில் கொஞ்சமாவது அங்கேயே நிற்கும்.

பெரியப்பா: அந்தப் பக்கத்து வேலியைத் தள்ளிப் போட்டது யார்? புல் விட எனக்கு இடம் எங்கே இருக்கிறது?

சித்தப்பா: வேலிக் கதை அந்தியேட்டிக்குப் பிறகு. முதலில் எங்கள் மோட்டாரைத் திருப்பித் தாருங்கள் அண்ணா, கிணறு இறைக்க வேண்டும்.

சின்னம்மா: அதுவும் பிறகு.

ரூபன்: புல்லுக்கு அடிக்கும் மருந்தைக் குளத்தில் ஊற்றினால் பாசி செத்துவிடாதா?

மாமி: ஊற்றவே கூடாது! எல்லாம் ஒன்றாகச் செத்து அழுகினால் மிச்ச மீனும் போய்விடும். கம்பால் சுருட்டி இழுத்து வாழையடியில் போடுங்கள், நல்ல பசளை. ஒன்று மட்டும் கவனம். நீலப்பச்சைப் பாசி என்று இன்னொன்று இருக்கிறது. அது நஞ்சு சுரக்கக்கூடும், கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. குச்சியால் கிளறிப் பாருங்கள். நூலாகத் தொங்கினால் பெரும்பாலும் நம் ஸ்பைரோகைரா. பெயின்ற் கரைத்து ஊற்றியது போல் குச்சியில் பூசிக்கொண்டால் யாரும், மாடு கூட, இறங்கக் கூடாது.

சுதா அக்கா: லாவோஸ்காரத் தோழி ஒருத்தி பாசி சாப்பிடுவோம் என்று சொன்னாள். நான் நம்பவில்லை.

மாமி: உண்மைதான் மகள். லாவோஸிலும் வட தாய்லாந்திலும் ஸ்பைரோகைராவைக் கழுவி, மிளகாயும் மீனும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள்.

சின்னம்மா: அந்தியேட்டிக்கு மரக்கறி மட்டும்தான் என்று ஐயர் சொன்னார். பாசி மரக்கறியா, மாமி?

ரூபன்: 😂

மாமி: சிரியுங்கள். ஆவணியில் குளம் வற்றி வெடிக்கும்போது இது எங்கே போகிறது என்று யாராவது யோசித்தீர்களா? இரண்டு நூல்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஏணிப் படிபோல் குழாய் விட்டு இணையும். ஒரு கலத்தில் உள்ளதெல்லாம் மற்றதற்குள் வழிந்துபோய்த் தடித்த சுவருள்ள வித்தி, ஒரு விதை மாதிரி, ஆகிவிடும். அது காய்ந்த சேற்றுக்குள் காத்திருக்கும். மழை விழுந்ததும் புது நூல். முதன்முதலில் அந்த ஏணியைக் கண்ட நாள் நான் மதியச் சாப்பாட்டுக்கே எழுந்து போகவில்லை.

பெரியப்பா: அப்பாவும் சொல்லுவார், குளம் வற்றினாலும் பாசி சாகாது என்று.

சித்தப்பா: 🙏

சுதா அக்கா: சனி விடிய கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவேன். வான் யார் பிடிப்பது?

சின்னம்மா: உளுந்து எத்தனை கிலோ? 200 பேர் என்றால் ஆறு போதுமா?

சித்தப்பா: தண்ணீருக்கு முடிவு சொல்லுங்கள் முதலில்.

மாமி: கிணறு குளத்தோடு ஊறுவது. சமையலுக்குப் பவுசர் வரட்டும், பாத்திரம் கழுவக் கிணறு எடுக்கலாம். சுகாதாரப் பரிசோதகரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

பெரியப்பா: பவுசருக்குக் காசு யார்?

சுதா அக்கா: நான் தருகிறேன் அப்பா.

பெரியப்பா: நீ தரவேண்டாம். பார்ப்போம்.

சித்தப்பா: ரூபன், பவுசர்காரரிடம் என்ன சொன்னாய்?

ரூபன்: நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். விடிய ஆறு மணிக்குக் குச்சியோடு குளத்துக்குப் போகிறேன், மாமி.

மாமி: ஜாம் போத்தல் ஒன்றும் கழுவிக் கொண்டு போ. கொஞ்சம் பாசி, நிறையத் தண்ணீர். மூடியை இறுக்கிவிடாதே.