அம்மா போன பிறகு அப்பா ஒடுங்கிப்போய்விட்டார், வழி சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு 74 வயது, மதுரையில் இருக்கிறார். அம்மா தவறி எட்டு மாதம் ஆகிறது. தினமும் டீக்கடையில் பேப்பர் படித்து, நாலு பேரிடம் பேசிவிட்டு வருபவர், இப்போது வாசலையே தாண்டுவதில்லை. சாப்பாடு பாதியாகிவிட்டது. இரவு 2 மணிக்கு எழுந்து அம்மாவின் சேலைகளை எடுத்து எடுத்து மடித்து வைக்கிறார். பார்க்க முடியவில்லை.

"வயசானா இப்படித்தான்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதுமையில் வரும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. தைராய்டு, வைட்டமின் பி12 குறைவாலும் இப்படி ஆகலாம். அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம். ஆனால் அப்பா, "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபப்படுகிறார்.

அவர் மனம் நோகாமல் டாக்டரிடம் எப்படிக் கூட்டிப்போவது? வீட்டில் இதைச் சமாளித்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், மதுரையில் பெரியவர்கள் மாலையில் கூடிப் பேசும் இடம் ஏதாவது இருக்கிறதா?